வீட்டிலிருந்தே வரலாறும் அரசியலும்: சேர்ந்தால் போதாது, முடிக்க வேண்டும்

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில், ஓய்வு பெற்ற வரலாற்று முதுகலை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையிலேயே தரப்படுகிறது.)





இன்று உதவித்தொகை வாங்குகிறவர்களின் பட்டியலை உள்ளே வரும்போதே வாங்கிப் பார்த்தேன். பி.காம்., பி.சி.ஏ., பி.பி.ஏ., பொறியியல் என்று போகிறது. வரலாறு என்று இரண்டு பெயர். அரசியல் அறிவியல் என்று ஒரு பெயர். மூன்று பேருமே தொலைநிலைக் கல்வியில் படிக்கிறவர்கள். மூவரும் பெண்கள். அந்த மூன்று பேருக்காகவும், சேரலாமா வேண்டாமா என்று வீட்டில் யோசித்துக்கொண்டிருக்கும் இன்னும் சிலருக்காகவும்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தொலைநிலைப் படிப்புக்கு அடுத்த ஆண்டு உதவி கொடுப்பதா, நிறுத்துவதா என்று நிர்வாகக் குழுவில் பேச்சு நடப்பதாகச் செயலாளர் காக்கா சொன்னார். முதல் வருடக் கட்டணம் வாங்கிக்கொள்கிறார்கள், இரண்டாம் வருடம் ஆளையே காணோம், அதிலும் வரலாறு படித்து என்ன வேலை கிடைக்கப் போகிறது என்று கேட்கிறார்களாம். நியாயமான கேள்விகள்தான். ஜகாத், சதக்கா என்று மக்கள் கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டியதுதான். அதனால் நானும் கணக்காகவே பதில் சொல்கிறேன்.

முதலில், இது மட்டமான படிப்பா? நான் பிளஸ் டூ முடித்த கையோடு நிக்காஹ் ஆகி, மூத்தவன் தவழ்கிற காலத்தில் அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தவள். பழுப்புக் காகிதத்தில் சுற்றிய பாடப் பார்சல் வரும். தபால்காரர் கொண்டுவந்து போட்டதும், ‘படிக்கிறதுக்கா, பாத்திரம் துடைக்கிறதுக்கா’ என்று பக்கத்து வீட்டு மாமி கேட்பார்கள். அப்போதே இது நம் நாட்டில் புதிது கிடையாது. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-லேயே அஞ்சல் வழிப் படிப்பைத் தொடங்கிவிட்டது. பிறகு மதுரை, அண்ணாமலை, சென்னை என்று நம் பல்கலைக்கழகங்களும் வந்தன. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், நாம் இக்னோ என்கிறோமே, அது வந்தது. 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அங்கே தமிழ் வழியிலேயே வரலாறு படிக்கலாம்.

இப்போது சட்ட நிலை இன்னும் தெளிவு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தொலைநிலையில் தரும் பட்டம், கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம். 2022-இல் அதையே தனி அறிவிப்பாகவும் வெளியிட்டார்கள். இதை ஒரு தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் ‘கரஸ்தானே’ என்று கேட்டால் நீட்டலாம்.

ஆனால் ‘அங்கீகாரம் பெற்ற’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பல்கலைக்கழகம் நல்ல பல்கலைக்கழகமாக இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேர்கிற அந்தப் பாடத்துக்கு, நீங்கள் சேர்கிற அந்த ஆண்டுக்கு, தொலைநிலையில் நடத்த அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அந்தப் பட்டியலை இணையத்தில் போடுகிறது. பத்து நிமிட வேலை. தனியாருக்குக் குத்தகை விட்டு மையம் நடத்தப் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி கிடையாது. அப்படியிருந்தும் கடைத்தெருவில் மாடிப்படி ஏறினால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவர் முழுக்கப் பல்கலைக்கழகச் சின்னங்கள். ‘நீங்க வரவே வேணாம் லாத்தா, பரீட்சையை நாங்க பார்த்துக்குவோம்’ என்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை தன் கைச்சங்கிலியை விற்று அப்படி ஒரு இடத்தில் பணம் கட்டியது. வந்த மதிப்பெண் பட்டியலை ஒரு பள்ளி வேலைக்குக் கொண்டுபோனபோதுதான் அது வெறும் தாள் என்று தெரிந்தது. மூன்று வருடம் போச்சு, சங்கிலியும் போச்சு. பரீட்சை எழுத வேண்டாம் என்று யார் சொன்னாலும் அங்கேயே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுங்கள். இப்போது தொலைநிலையில் சேருகிற மாணவர் தாமே இணையத்தில் டெப் ஐடி என்ற எண்ணை உருவாக்க வேண்டும். அதையும் இடைத்தரகர் கையில் கொடுக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை மதரஸாவில் ஓதி முடித்த தம்பிமார்களுக்கு. நம்மில் பலர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு ஆலிம் ஸனது வாங்கியவர்கள். பிறகு பட்டம் வேண்டும் என்ற ஆசை வருகிறது. நல்ல ஆசை. ஆனால் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் வந்தால்தான் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஏற்கும். பள்ளிப் படிப்பைத் தாண்டிக் குதித்து நேராகத் திறந்தநிலையில் வாங்கிய பட்டம் வேலைக்குச் செல்லாமல் போய், உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், 2009-இல் தீர்ப்பும் வந்தாயிற்று. ஆகவே அவசரப்படாமல், தனித்தேர்வராகவோ தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ பத்தையும் பன்னிரண்டையும் முடித்துக்கொண்டு வாருங்கள். கூடுதலாகச் சில ஆண்டுகள் ஆகும். ஆகட்டும்.

சரி, ஏன் வரலாறு, ஏன் அரசியல்? சோதனைக்கூடம் தேவையில்லாத பாடம் என்பது ஒரு காரணம். மருத்துவம், பொறியியல், சட்டம், செவிலியர் படிப்பு இவற்றைத் தொலைநிலையில் நடத்தவே கூடாது. வரலாற்றுக்கு வேண்டியது புத்தகம், ஒரு நோட்டு, கொஞ்சம் அமைதி. இந்த மூன்றில் அமைதிதான் நம் வீடுகளில் கிடைக்காத சரக்கு. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

பெரிய காரணம் வேறு. நம் மேடைகளில் நாம் அடிக்கடி சொல்வது, ‘கண்ணியமிகு காயிதே மில்லத் அரசியல் நிர்ணய சபையிலே முழங்கினார்’ என்று. என்றைக்கு முழங்கினார், எந்தப் பிரிவின் மேல், என்ன சொன்னார், எதிரில் இருந்தவர்கள் என்ன பதில் சொன்னார்கள்? கேட்டுப் பாருங்கள், சபை அமைதியாகிவிடும். அந்த விவாதங்கள் முழுதும் அச்சில் இருக்கின்றன. இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. 1948 நவம்பர் 23-ஆம் தேதி விவாதத்தை எடுத்துப் படியுங்கள். பொது சிவில் சட்டம் பற்றிய வரைவுப் பிரிவு 35. இன்றைய அரசியலமைப்பில் அது 44-ஆவது பிரிவு. எந்தச் சமூகமும் தனக்கென்று தனிச் சட்டம் வைத்திருந்தால் அதை விட்டுக்கொடுக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார் இஸ்மாயில் சாகிப். அவரோடு மலபாரின் போக்கர் சாகிப், மஹ்பூப் அலி பேக், வங்காளத்தின் நஸீருத்தீன் அஹ்மத் ஆகியோரும் பேசினார்கள். மறுத்துப் பேசியவர்கள் முன்ஷி, அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், கடைசியில் அம்பேத்கர்.

அம்பேத்கர் என்ன சொன்னார் தெரியுமா? எல்லா முஸ்லிம்களும் எல்லாக் காலத்திலும் ஷரீஅத் சட்டத்தின்படியே நடந்தார்கள் என்பது சரியில்லை என்று வரலாற்றை எடுத்து வைத்தார். வடமேற்கு எல்லை மாகாணத்தில் 1935 வரை வாரிசு உரிமையில் இந்துச் சட்டமே நடந்தது, வட மலபாரில் முஸ்லிம்களுக்கும் மருமக்கத்தாயம் பொருந்தியது என்றார். அதே பதிலில், ஆரம்பத்தில் விரும்பி ஏற்பவர்களுக்கு மட்டும் பொருந்தும்படி நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம் என்றும் சொன்னார். திருத்தம் தோற்றது.

இதைப் படிக்கும் பிள்ளைக்கு என்ன நடக்கும்? நம் ஆள் சொன்னது சரி, அவர்கள் சொன்னது தவறு என்று சத்தம் போட முடியாது. இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் இருப்பது தெரியும். மருமக்கத்தாயம் என்றதும், கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற நம் கடற்கரை ஊர்களில் வீடு பெண் பிள்ளைக்குப் போகிறதே, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறாரே, இது எங்கிருந்து வந்தது என்று யோசிக்கத் தோன்றும். இன்றைக்கும் அந்த 44-ஆவது பிரிவு பற்றித் தொலைக்காட்சியில் வாக்குவாதம் நடக்கிறது. நம் வீட்டில் அதைப் பார்த்துக் கோபப்படுகிறவர்கள் நிறைய. மூல ஆவணத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர்? அரசியல் அறிவியல் மாணவிக்கு அது பாடம், பரீட்சைக் கேள்வி. படித்தே ஆக வேண்டும்.

வரலாறும் இப்படித்தான். கொல்லத்தில் கி.பி. 849-இல் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்குக் கொடுத்த தரிசாப்பள்ளிச் செப்பேடு இருக்கிறது. வட்டெழுத்தில் எழுதியது. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் பெயர் அதில் வருகிறது. சாட்சிக் கையெழுத்துகளில் கூஃபி அரபி எழுத்தும் உண்டு, பஹ்லவியும் உண்டு, எபிரேய எழுத்தும் உண்டு. ஒரே ஆவணத்தில் நான்கு வகை எழுத்து! நம் முன்னோர் வியாபாரத்துக்கு வந்தார்கள், உள்ளூர் அரசும் மற்ற மதத்தாரும் அவர்களோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள் என்று சொல்ல வேறென்ன சான்று வேண்டும்? அதே சமயம், அந்தச் செப்பேட்டில் எழுதாததை எழுதியிருப்பதாக நாமும் சொல்லக் கூடாது. நம் வாட்ஸ்அப்பில் வரும் பெருமைக் கதைகளில் பாதி, எங்கே இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டால் படுத்துவிடும். நமக்குச் சாதகமான செய்தி என்பதற்காக அது உண்மை ஆகிவிடாது. இந்தப் பழக்கத்தைத்தான் இந்தப் படிப்பு தருகிறது.

வேலை பற்றிக் கேட்டீர்கள். வரலாற்றுப் பட்டம் கையில் இருந்தால் வேலை வந்து கதவைத் தட்டும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் குரூப் 1, குரூப் 2, மத்திய அரசின் குடிமைப் பணித் தேர்வு இவற்றுக்கெல்லாம் ஏதாவது ஒரு பட்டம் போதும். கேள்வித்தாளைப் பிரித்தால் வரலாறும் அரசியலமைப்பும் முன்னால் நிற்கின்றன. மற்றவர்கள் தனியாகப் பணம் கட்டிப் படிப்பதை நீங்கள் பட்டப் படிப்பாகவே படித்திருப்பீர்கள். நம் மாநிலத்தில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. இடம் இருக்கிறது, உட்காருவதற்குத் தகுதியோடு ஆள் போக வேண்டும்.

ஆசிரியராக ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள், கூடவே பி.எட். வேண்டும். பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, எளிது என்று யாரோ சொன்னதைக் கேட்டு எம்.ஏ. வரலாறு போனால் அந்த வாசல் அடைபடும். கல்லூரிப் பக்கம் போக நினைத்தால் முதுகலைக்குப் பின் நெட் அல்லது செட் தேர்வு. இதையெல்லாம் சேர்வதற்கு முன்னால் கேளுங்கள், சேர்ந்த பிறகு அல்ல.

இப்போது செயலாளர் காக்கா கேட்ட முக்கியக் கேள்விக்கு வருகிறேன். ஏன் பாதியில் நிற்கிறார்கள்?

தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்றால் முப்பது மணி நேரப் படிப்பு என்று கணக்கு. மூன்றாண்டு பி.ஏ.வுக்கு 120 கிரெடிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,600 மணி நேரம். மூன்று வருடத்தில் வகுத்தால் ஒரு நாளைக்கு மூன்றேகால் மணி நேரம், வெள்ளிக்கிழமை, பெருநாள் எல்லாம் சேர்த்து. இதைச் சேரும்போது யாரும் சொல்வதில்லை. ‘வீட்டிலிருந்தே படிக்கலாம்’ என்ற வரியை மட்டும் சொல்கிறார்கள். வீட்டிலிருந்து படிப்பது என்றால் மாமியாரின் மருந்து, பிள்ளையின் ஹோம்வொர்க், துபாயிலிருந்து வரும் வீடியோ அழைப்பு, இவற்றுக்கு நடுவில் மூன்றேகால் மணி நேரம். கல்லூரி மாணவிக்குக் கல்லூரிச் சுவர் இருக்கிறது. உள்ளே போய்விட்டால் யாரும் கூப்பிட முடியாது. வீட்டில் படிக்கிறவளுக்குச் சுவர் கிடையாது. அதனால்தான் நிற்கிறார்கள், மூளை போதாமல் நிற்பதில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் தங்கக் கணக்கை மனத்தாலேயே போடுகிறவர்கள்.

நல்ல செய்தியும் உண்டு. இக்னோவில் மூன்றாண்டு பி.ஏ.வை ஆறு வருடத்துக்குள் முடிக்கலாம். பிள்ளை பிறந்தால் ஒரு பருவத் தேர்வை விட்டுவிட்டு அடுத்த பருவத்தில் எழுதலாம். ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு நடக்கிறது. ஒரு தாள் போனால் படிப்பே போச்சு என்று நினைத்து மூட்டை கட்டி வைக்க வேண்டியதில்லை. ஆனால் அசைன்மென்ட்டைக் கடைசித் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். மதிப்பெண்ணில் நூற்றுக்கு முப்பது அதில் வருகிறது. அதை யாரோ எழுதியதைப் பார்த்து நகல் எடுத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடையில் விலைக்கும் விற்கிறது. முப்பது மதிப்பெண் கிடைக்கும், எழுதப் பழகும் வாய்ப்பு போய்விடும். பிறகு தேர்வு மண்டபத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரு கேள்விக்கு நான்கு பக்கம் எழுது என்றால் கை ஓடாது.

எழுதுவது பற்றி ஒரு வார்த்தை, முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவள் என்ற உரிமையில். ‘விவரி’ என்று கேட்டால் நடந்ததைச் சொல்லலாம். ‘மதிப்பிடுக’ என்று கேட்டால் நீங்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டும், ஏன் வந்தீர்கள் என்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் எல்லாக் கேள்விக்கும் விவரித்தே பழகியவர்கள். பள்ளியில் அப்படித்தான் பழக்கினோம். வாரம் ஒரு கேள்வி, ஒரு பக்கம், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுதுங்கள். ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியும். சேருவதற்கு முன்னால் பாடம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? இக்னோவின் பாடப் புத்தகங்கள் இ-ஞான்கோஷ் தளத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. ஒரு பாடத்தை எடுத்து இரண்டு இரவு படித்துப் பாருங்கள். தூக்கம் வந்தால் வேறு பாடம் பாருங்கள். தூக்கம் போனால் சேருங்கள்.

நிர்வாகக் குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். உதவியை நிறுத்தாதீர்கள், கொடுக்கிற விதத்தை மாற்றுங்கள். முதல் வருடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவாமல், அசைன்மென்ட் கொடுத்த ரசீதைப் பார்த்து அடுத்த தவணை கொடுங்கள். தேர்வு மையம் பெரும்பாலும் வெளியூரில் இருக்கும். போக வர ஒரு வேனுக்கும் துணைக்கு ஒரு ஆளுக்கும் ஏற்பாடு செய்யுங்கள், கட்டணத்தை விட அது பெரிய உதவி. நான் எழுதிய காலத்தில் என் வாப்பா முதல் பஸ்ஸில் கூட வந்து, தேர்வு முடியும் வரை கல்லூரி வாசலில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஒரு வாப்பா அமைவதில்லை.

இந்தக் கட்டடத்தின் மாடி அறை மாலையில் பூட்டியே கிடக்கிறது. அஸருக்குப் பின் மக்ரிப் வரை அதைப் பெண்களுக்குத் திறந்து விடுங்கள். ஒரு மேசை, ஒரு விளக்கு, கீழே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண். அதுதான் நான் சொன்ன சுவர். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நானே வருகிறேன், சம்பளம் வேண்டாம், தேநீர் மட்டும் சூடாக வேண்டும்.

குடும்பத்தாருக்கும் ஒன்று. மருமகளுக்கு டிசம்பரில் பரீட்சை என்றால் அந்த வாரம் விருந்து வைக்காதீர்கள். பிரியாணி ஜனவரியிலும் வேகும். வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளைமார்கள், ‘படிச்சியா’ என்று கேட்பதோடு ‘என்ன படிச்சே, எனக்குச் சொல்லு’ என்று கேளுங்கள். சொல்லிக் கொடுத்தால்தான் பாடம் தங்கும். கேட்கிற உங்களுக்கும் கொஞ்சம் வரலாறு தெரிய வரும். நீங்களும் அங்கே இருந்துகொண்டே இணைய வழியில் சேரலாம். தேர்வை எங்கே எழுத வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, படிக்கிற அந்த மூன்று பேருக்கு. எம்.ஏ. வரைக்கும் போய் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடும் நாள் வரும்போது வெளியூர் நூலகத்துக்கு ஓடும் முன்னால் உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறங்கள். ரங்கூனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்கள், அரபுத் தமிழில் எழுதிய கணக்கு நோட்டுகள், பள்ளிவாசலுக்கு எழுதிக் கொடுத்த வக்ஃபு பத்திரத்தின் நகல், எல்லாம் அதற்குள் கிடக்கும். அரபுத் தமிழைச் சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இன்னும் சில பெரியம்மாக்கள்தான் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே உட்கார வைத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய பேப்பர்காரர் வண்டி நம் தெருவுக்கு வாரம் ஒரு முறை வருகிறது. அதற்கு முன்னால் நீங்கள் போய்ச் சேர வேண்டும்.

சேர நினைக்கிறவர்கள் வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், ஆதார், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றை அசலோடு கொண்டுவாருங்கள். உம்மாவையோ மாமியாரையோ கூட்டி வந்தால் இன்னும் நல்லது. அந்த மூன்றேகால் மணி நேரக் கணக்கை அவர்கள் முன்னால் வைத்தே ஒரு முறை போட்டுவிடலாம்.